ஆறு மாத வேலை, மூன்று வட்டிக் கடன்

திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருந்தது அந்த அலுவலகம். அக்கா மகன் கூப்பிட்டான் என்று போயிருந்தேன். ஐந்தாறு பிளாஸ்டிக் நாற்காலிகள், மேசை மேல் ரப்பர் பேண்டு போட்ட பாஸ்போர்ட் கட்டு, சுவரில் சிவப்பு ஆப்பிள் காய்த்துத் தொங்கும் தோட்டத்தின் படம். படத்தின் கீழே: போலந்து, பழம் பறிப்பு, 2 வருட விசா, தங்குமிடம் இலவசம்.

மொத்தம் மூன்றரை லட்சம் என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர். முதலில் ஃபைல் சார்ஜ் 20,000. ஆஃபர் லெட்டர் வந்ததும் ஒரு லட்சம். மீதி விசா குத்தியதும்.

"ஆப்பிள் சீசன் எத்தனை மாசம் சார்?" என்று கேட்டேன்.

அவர் திரும்பிச் சுவர்ப் படத்தைப் பார்த்தார். "அங்க வருஷம் பூரா வேலை இருக்கும் சார்."

"கட்டுற பணத்துக்கு ரசீது தருவீங்களா?"

"இந்தத் தொழிலே நம்பிக்கைதான் சார்."

ஆப்பிள் எந்த நாட்டிலும் வருடம் பூராவும் பழுப்பதில்லை. போலந்தில் பெரும்பகுதி அறுவடை ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி அக்டோபரோடு முடிந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் பருவத் தொழிலாளர்களுக்கென்று ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. 12 மாதத்தில் அதிகபட்சம் எவ்வளவு காலம் தங்கலாம் என்பதை, ஐந்து முதல் ஒன்பது மாதத்துக்குள், அந்தந்த நாடே முடிவு செய்துகொள்ளலாம் என்கிறது அது. போலந்து வைத்திருப்பது ஒன்பது மாதம். ஆக, "பழம் பறிப்பு" என்பதும் "2 வருட விசா" என்பதும் ஒரே சுவரொட்டியில் சேர்ந்து இருக்க முடியாதவை.

அவர் பொய் சொன்னார் என்பதைவிட, வேலை எத்தனை மாதம் என்பதைச் சொல்லாமலே விலை சொன்னார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஏஜென்சி மூலம் வெளிநாட்டுக்குப் போவது பற்றி நம் ஊரில் பேசும்போதெல்லாம் ஏமாற்றா, உண்மையா என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. ஏமாற்றே இல்லாத, விசாவும் வேலையும் உண்மையாகவே கிடைக்கிற இடத்திலும் பருவ வேலைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வளைகுடாவுக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் போகிறவர் ஏஜென்டுக்குக் கொடுத்ததை முதல் வருடத்தில் அடைத்துவிட்டு இரண்டாம் வருடத்தில் மிச்சம் பிடிக்கலாம். ஆறு மாத வேலைக்கு இரண்டாம் வருடம் கிடையாது. கட்டணமும் விமான டிக்கெட்டும் வட்டியும் வேலை குறுகியது என்பதற்காகக் குறைவதில்லை.

தமிழர்களுக்கு இது புதிய கதை இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மதுரை, ராமநாதபுரம், திருச்சி, சேலம் பக்கத்து ஊர்களிலிருந்து இலங்கைக்குப் போனவர்கள் முதலில் போனது தேயிலைக்கு அல்ல, காபிக்கு. காபி பழம் பறிக்கிற சில மாதங்களுக்குப் போய், முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். கடலைத் தாண்டி மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தார்கள். அந்த வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் ஏராளம். அழைத்துப் போனவர் கங்காணி. அவர் ஊர்க்காரர், பல நேரம் சொந்தக்காரர் அல்லது அதே சாதிக்காரர். முன்பணம் கொடுப்பார். வழிச்செலவும் சோறும் கம்பளியும் அந்தக் கணக்கிலேயே ஏறும். தோட்டத்தில் கால் வைக்கும்போதே ஆள் கடன்காரன்.

அந்தக் கடனுக்கு ஒரு காகிதமும் இருந்தது. அதற்குப் பெயர் "துண்டு". இந்த ஆட்களின் கடன் இத்தனை ரூபாய், அதைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுப்பது. வேறு தோட்டம் அந்தப் பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் மட்டும் ஆளோடு கூடவே போகும். துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தது 1921இல்தான். அதற்குள் 1869இல் தோன்றிய இலைநோய் காபியை அழித்து, வருடம் முழுக்க ஆள் கேட்கும் தேயிலை வந்து, பருவத்துக்குப் போனவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

கங்காணிக்கும் திருச்சி மாடி அலுவலகத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கங்காணி தொழிலாளிக்குப் பணம் கொடுத்துப் பிடித்தார். இன்றைய ஏஜென்ட் தொழிலாளியிடம் பணம் வாங்கி அனுப்புகிறார். கரும்பு வெட்டுக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி இன்றும் கங்காணி வழியில் அட்வான்ஸ் கொடுக்கிறார். வெளிநாடு என்றதும் காசு எதிர்த்திசையில் ஓடுகிறது. தொழிலாளியின் கடன் மட்டும் அப்படியே இருக்கிறது, கடன் கொடுத்தவர்தான் மாறியிருக்கிறார். அன்று கடன் தோட்டத்தில் இருந்தது. இன்று ஊரில், அடகுக்கடையிலும் வட்டிக்காரரிடமும் இருக்கிறது. பண்ணை முதலாளிக்கு அது கண்ணிலேயே படாது. எங்கள் ஆட்கள் யாரும் எங்களுக்குக் கடன்பட்டவர்கள் இல்லை என்று அவர் உண்மையாகவே சொல்ல முடியும்.

இதைத் தெளிவாகப் பார்க்கப் பொருத்தமான இடம் பிரிட்டன். பழைய பருவத் தொழிலாளர் திட்டத்தை 2013இல் மூடிய பிரிட்டன், 2019இல் 2,500 பேர் என்ற சோதனை அளவில் புதிதாக ஒன்றைத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதும் ஸ்ட்ராபெர்ரி பறிக்க ஆள் கிடைக்காமல், 2023இல் தோட்டப்பயிருக்கு மட்டும் 45,000 விசா என்று எண்ணிக்கை ஏறியது. முதலில் வந்தவர்களில் பெரும்பான்மை உக்ரைன்காரர்கள். 2022இல் போர் வந்தது. ஆள் எடுக்கும் நிறுவனங்கள் கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான், உஸ்பெகிஸ்தான் என்றும், நேபாளம், இந்தோனேசியா என்றும் புதிய ஊர்களுக்கு அவசரமாக ஓடின.

பிரிட்டனில் வேலை தேடித் தருவதற்காகத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்குவது 1973ஆம் ஆண்டுச் சட்டப்படியே தடை. 2004 பிப்ரவரியில் மோர்கம்பே விரிகுடாவில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்கள் குறைந்தது 21 பேர் ஏறிவந்த அலையில் மூழ்கி இறந்தார்கள். அதன்பின் பண்ணைக்கு ஆள் அனுப்புகிறவர்களுக்கு உரிமம் கட்டாயமாகி, அதைக் கவனிக்கத் தனி ஆணையமும் வந்தது. உலகத்தில் இதைவிடக் கட்டுப்பாடான இடங்கள் குறைவு. இருந்தும் 2022இல் கென்ட் பகுதிப் பண்ணைகளுக்கு வந்த இந்தோனேசியர்களில் சிலர், ஊரில் தரகர்களுக்கு 5,000 பவுண்டு வரை கடன்பட்டு வந்ததாகச் செய்தி வெளியானது. லண்டன் சட்டம் பாலித் தீவில் இருக்கும் தரகரை எட்டாது.

இங்கே 2025ஆம் ஆண்டு அளவுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த ஏப்ரலில் பிரிட்டனின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. பருவத் தொழிலாளிக்கு வாரம் 32 மணி நேர ஊதியம் உறுதி. ஆக வாரத்துக்கு 390.72. தங்கும் கேரவனுக்கு நாளுக்கு 10.66 வரை பிடிக்க முடிந்தது, வாரம் 74.62. சாப்பாட்டுக்கு 40 பவுண்டு என்று நானே போடுகிறேன், சிக்கனமானவர் என்று வைத்துக்கொண்டு. வேறு பிடித்தம் இல்லை என்று வைத்தால், கையில் நிற்பது வாரம் 276 பவுண்டு. 26 வாரத்துக்குச் சுமார் 7,180. விசாக் கட்டணம் 319, போக வர விமானத்துக்கு ஒரு 700. மிச்சம் 6,160 பவுண்டு. நம் ஊரில் யாருக்கும் அது நல்ல பணம். ஆசைப்படுகிறவர்களை நான் குறைசொல்ல மாட்டேன்.

இப்போது அதில் தரகர் கடன் 5,000ஐக் கழியுங்கள். 1,160. நம்மூர்க் கணக்கில் மூன்று வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று என்றால், ஆறு மாதத்துக்கு 900. மீதி 260 பவுண்டு. ஆறு மாதம் முதுகு வளைந்ததற்கு அவ்வளவுதான்.

இது எல்லாம் சரியாக நடந்தால். பறிப்பு வேகம் போதவில்லை என்று பண்ணையில் நிறுத்திவிடுகிறார்கள் அல்லது மழையால் விளைச்சல் சீக்கிரம் முடிகிறது. மாற்றுப் பண்ணையும் அமையவில்லை. 12 வாரத்தில் ஊர் திரும்பவேண்டி வருகிறது என்று வையுங்கள். கையில் 2,300 பவுண்டு இருக்கும், கடன் 5,000. அப்படித் திரும்பினவர் அடுத்த வருடம் மறுபடி அதே தரகரிடம்தான் போய் நிற்பார். கடனை அடைக்க வேறு வழி அவருக்கு இருக்காது.

பின்லாந்து, சுவீடன் கதையில் கூலி என்பதே இல்லாமல் இருந்தது. அங்கே காட்டில் தானாக விளையும் பெர்ரிப் பழங்களை யார் வேண்டுமானாலும் பறிக்கலாம். அது தொன்றுதொட்டு வந்த பொது உரிமை. அந்த அழகான உரிமையை வைத்து ஒரு தொழிலே கட்டினார்கள். தாய்லாந்தின் வடகிழக்கே இசான் வட்டாரத்து விவசாயிகளை வரவழைத்து, நீங்கள் எங்கள் தொழிலாளி இல்லை, சுதந்திரமாகப் பழம் பறிக்கிறவர், பறித்ததைக் கிலோ கணக்கில் எங்களுக்கு விற்கிறீர்கள் என்றார்கள். விமானம், விசா, படுக்கை, சோறு, காட்டுக்குப் போகும் வண்டி எல்லாவற்றுக்கும் செலவு பழம் பறிக்கிறவருடையது. நிலத்தை அடகு வைத்து வந்தவர்கள் அவர்கள். 2009இல் பழம் சரியாகக் காய்க்காதபோது சுவீடன் போனவர்களில் பலர் கடனோடு திரும்பினார்கள். அதன்பின் சுவீடனில் உறுதிக் கூலி கட்டாயமாயிற்று. பின்லாந்து பழைய வழியிலேயே போனது. 2025 சனவரியில் லாப்லாந்து மாவட்ட நீதிமன்றம், ஒரு பெர்ரி நிறுவனத்தின் தலைவருக்கும் அவருக்காகத் தாய்லாந்தில் ஆள் சேர்த்தவருக்கும் மூன்றரை ஆண்டுச் சிறை விதித்தது. குற்றம், 62 பேரை ஆட்கடத்தியது. ஆள் சேர்ப்பவரையும் வேலை வாங்குபவரையும் ஒரே வழக்கில் ஒரே அளவாகத் தண்டித்தது எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. எல்லா நாட்டிலும் பாதிப் பழி கடல் கடந்து மறைந்துவிடுவதுதான் வழக்கம்.

இந்தியர்கள் சம்பந்தப்பட்ட பெரிய வழக்கு பழத்தோட்டத்தில் நடக்கவில்லை, கப்பல் பட்டறையில் நடந்தது. 2005இல் கத்ரீனா புயல் அடித்தபின் மிசிசிப்பியிலும் டெக்சாசிலும் வேலை நடத்திய சிக்னல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம், சுமார் 500 வெல்டர்களையும் பைப் ஃபிட்டர்களையும் இந்தியாவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் எடுத்தது. கொடுத்தது எச்-2பி விசா. தற்காலிக, பருவகால வேலைக்கென்றே அமெரிக்கா வைத்திருப்பது. தரகர்கள் சொன்னதோ கிரீன் கார்டு, குடும்பத்தோடு குடியேற்றம். அதை நம்பி ஆளுக்கு 10,000 முதல் 20,000 டாலர் வரை கட்டியிருந்தார்கள். வீட்டை விற்றவர்கள் உண்டு, மனைவியின் நகையை விற்றவர்கள் உண்டு. போன இடத்தில் வேலிக்குள் முகாம். ஒரே கூடத்தில் 24 பேர் வரை. அதற்கு மாதம் 1,050 டாலர் பிடித்தம். 2008இல் அவர்கள் வேலையை விட்டு வெளியே வந்து, வாஷிங்டன் வரை போய் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2015 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் நடுவர் குழு, முதலில் விசாரிக்கப்பட்ட ஐந்து தொழிலாளர்களுக்கு 1.4 கோடி டாலர் இழப்பீடு என்று தீர்ப்புச் சொன்னது. சில மாதத்தில் நிறுவனம் திவாலானது.

ஏமாந்தவர்கள் பாமரர்கள் என்று சொல்லிவிட முடியாது. கடல் தாண்டி வேலை பார்த்த அனுபவமும் கைத்தொழிலும் உள்ளவர்கள் அவர்கள். பத்து மாத விசாவுக்கு வாழ்நாள் குடியேற்றத்தின் விலையை அவர்களிடம் வாங்க முடிந்தது, அவ்வளவுதான். போலந்து ஆப்பிளை 2 வருட விசா என்று விற்பதும் இதே வியாபாரத்தின் சின்ன அளவு.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1933இல் ஓர் உடன்படிக்கை செய்தது. லாபத்துக்காகக் கட்டணம் வாங்கும் வேலைவாய்ப்பு முகமைகளையே மூன்று வருடத்தில் ஒழித்துவிட வேண்டும் என்றது அது. ஒழியவில்லை. 1949இல், ஒழிக்கலாம் அல்லது ஒழுங்குபடுத்தலாம் என்று இறங்கி வந்தது. 1997இல் வந்த 181ஆம் உடன்படிக்கை, முகமைகள் இருக்கட்டும், ஆனால் தொழிலாளியிடம் நேராகவோ மறைமுகமாகவோ கட்டணமோ செலவோ வாங்கக்கூடாது என்று முடித்தது. அதிலும் விதிவிலக்குக்கு ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. இந்தியா இதில் கையெழுத்திட்டு ஏற்கவில்லை. நம் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் விதிகள் தொழிலாளியிடம் வாங்குவதை அனுமதித்து, உச்சவரம்பு மட்டும் வைக்கின்றன. 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. மொத்தம் 35,400. ரசீது கொடுத்தாக வேண்டும். திருச்சியில் கேட்டது இதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு.

இன்னொரு ஓட்டையும் உண்டு. பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி கட்டாயமான நாடுகள் 18. வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து, ஈராக், லிபியா போன்றவை. போலந்தோ குரோஷியாவோ கனடாவோ அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியல் போட்ட காலத்தில் நம் ஆட்கள் பழம் பறிக்க ஐரோப்பா போவார்கள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். வளைகுடா போகிறவருடைய ஒப்பந்தத்தைக் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் ஒரு முறையாவது பார்க்கும். போலந்து போகிறவருடையதை அவரும் ஏஜென்டும் மட்டுமே பார்க்கிறார்கள். ஒப்பந்தம் போலிஷ் மொழியில் இருந்தால் ஏஜென்ட் மட்டும்.

முகமைக்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். மே மாதம் 300 பேர் வேண்டும், அக்டோபரில் ஒருவரும் வேண்டாம் என்கிற பண்ணைக்காரர் ஊர் ஊராக வந்து ஆள் பார்க்க முடியாது. யாரோ ஒருவர் விண்ணப்பம் நிரப்ப வேண்டும், மெடிக்கலுக்கு அனுப்ப வேண்டும், தூதரகத்தில் தேதி வாங்க வேண்டும், விமானத்தில் ஏற்றிவிட வேண்டும். அதற்கு நிச்சயம் செலவு உண்டு. அந்தச் செலவை ஆள் தேவைப்படுகிறவர் கொடுக்காமல், ஆளே ஏன் கொடுக்கிறார் என்பதுதான் கேள்வி. முதல் நாள் முதல் காட்சி டிக்கெட் கள்ள விலைக்குப் போகிறதே, அதேதான். இடம் கொஞ்சம், கேட்கிறவர் ஏராளம். ஒரு வருடத்தில் ஊரில் சம்பாதிப்பதை அங்கே ஒரு மாதத்தில் சம்பாதிக்கலாம் என்னும்போது, விசா என்ற காகிதத்துக்கே விலை வந்துவிடுகிறது. ஏஜென்ட் விற்பது சேவையை அல்ல, வரிசையில் ஒரு இடத்தை. கட்டணம் வாங்காதே என்று சட்டம் சொன்னதும் அது பயிற்சிக் கட்டணம், ஆவணச் செலவு என்று வேறு பெயரில் வரும். அல்லது நம்ம ஊர்ப் பையன் என்று சொல்லிக்கொண்டு வரும் சப்-ஏஜென்ட் கையில், ரசீது இல்லாமல் மாறும். கங்காணியைப் போல அவரும் ஊர்க்காரர்தான். போலீசில் புகார் கொடுக்க மனம் வராததும் அதனால்தான்.

வரிசையை விற்காமல் நடத்திக்காட்டிய நாடுகள் இருக்கின்றன. கனடா 1966இல் ஜமைக்காவிலிருந்து 264 பேரை வரவழைத்துத் தொடங்கிய பண்ணைத் தொழிலாளர் திட்டத்தில் 1974இல் மெக்சிகோ சேர்ந்தது. எட்டு மாதம் வரை வேலை. ஆளைத் தேர்ந்தெடுப்பது அனுப்பும் நாட்டின் அரசாங்கம், தனியார் தரகருக்கு இடமில்லை. நியூசிலாந்து 2007இல் பசிபிக் தீவுக்காரர்களுக்கென்று ஒரு திட்டம் வைத்தது. ஆள் சேர்ப்புக் கட்டணம் தொழிலாளி தலையில் விழக்கூடாது, விமானச் செலவில் பாதி முதலாளியுடையது. ஜான் கிப்சனும் டேவிட் மெக்கன்சியும் டோங்கா, வனுவாட்டு தீவுகளில் செய்த ஆய்வில், இத்திட்டத்தில் போனவர்கள் வீட்டு வருமானம் 30 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்திருந்தது. அதே குனிந்து பறிக்கும் வேலைதான். பறித்துச் சம்பாதித்த காசு தரகருக்குப் போகவில்லை.

இந்தத் திட்டங்களையும் நான் தலையில் தூக்கி வைக்கப்போவதில்லை. ஒரே முதலாளியோடு கட்டிப்போட்ட விசா. அடுத்த வருடம் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டுமே என்று முணுமுணுக்காமல் உழைப்பவர்கள் கனடாவில் பல்லாயிரம் பேர். கடன் இல்லாதவரையும் அந்தப் பயம் கட்டிப்போடும். ஆனால் கடனும் பயமும் சேர்ந்து இருப்பதற்கும் பயம் மட்டும் இருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு 1978 முதல் சொந்தமாக ஓர் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. அது அதிகம் அனுப்புவது செவிலியர், ஓட்டுநர், வீட்டுப் பணியாளர், பெரும்பாலும் வளைகுடாவுக்கு. ஐரோப்பியப் பண்ணை வேலைக்கான பேச்சை அரசுக்கு அரசாக அந்த நிறுவனம் வழியே நடத்த முடியும். அதுவரை மாடி அலுவலகங்களுக்குக் கூட்டம் குறையாது.

கீழே இறங்கி டீ குடிக்கும்போது அக்கா மகன் மெதுவாகச் சொன்னான். "ஃபைல் சார்ஜ் போன வாரமே ஜிபே பண்ணிட்டேன் மாமா. சொன்னா திட்டுவீங்கன்னுதான் சொல்லல. திரும்பக் கிடைக்கும்னாங்க."

நான் திட்டவில்லை. இரவு இரண்டு பேரும் உட்கார்ந்து வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் பதிவுபெற்ற முகவர் பட்டியலைத் தேடினோம். யாரும் பார்க்கலாம், காசு கிடையாது, ஐந்து நிமிட வேலை. திருச்சி முகவரிகள் பல இருந்தன. அந்த அலுவலகத்தின் பெயர் இல்லை. 20,000 ரூபாய் இன்னும் வரவில்லை.